நாவல்: திட்டம் போட்டு எழுதுவதா, எழுதிக்கொண்டே கண்டுபிடிப்பதா?

அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டமிட்டபின் எழுதத் தொடங்குவோர் உண்டு. ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவோரும் உண்டு. ஜே. கே. ரௌலிங் தன் ஐந்தாவது ஹாரி பாட்டர் நாவலுக்கு அத்தியாயம், மாதம், கிளைக்கதை எனக் கட்டம் போட்டுக் கையால் அட்டவணை எழுதிவைத்தார். ஸ்டீபன் கிங்கோ, 2000இல் வந்த தன் எழுத்துக்கலை நூலில், கதைத்திட்டத்தில் நம்பிக்கை இல்லை என்கிறார்.

துப்பறியும் கதை, பல தலைமுறைக் கதை என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை: திட்டம் வேண்டும். கொலையாளி யாரென்று தெரியாமல் மூன்றாம் அத்தியாயத்தில் தடயத்தை எப்படி வைப்பது? ஒருவரின் வயதுக் கணக்கு பிசகினால் நூறு பக்கம் திருத்த வேண்டிவரும். ஆனால் திட்டத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மறுக்க வேண்டிய இடத்தில் பாத்திரம், அடுத்த அத்தியாயம் நடக்க வேண்டுமே என்பதற்காகச் சம்மதித்துவிடும். வாசகர் அதை உடனே கண்டுகொள்வார்.

திட்டமில்லாமல் எழுதும்போது அந்த மறுப்பு தானாக வந்து விழும். அதற்காகவே இந்த வழி எனக்குப் பிடிக்கும். இரண்டாம் வரைவில் வேலை அதிகம்தான். தொடக்கத்தையே மாற்ற நேரலாம்.

சரி, முதல் நாவல் என்றால்? முடிவையும் மூன்று நான்கு திருப்பங்களையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் புதிதாக எழுதுங்கள்.