வால் சுருங்கிய தவக்கைக் குஞ்சுக்குக் கறையானா, பழ ஈயா?

மாரி பிறந்து ஒன்றிரண்டு மாதத்தில் கிணற்றடித் தொட்டியை எட்டிப் பார்த்தால் ஏதாவது நெளிந்துகொண்டிருக்கும். கன்னங்கரேலென்று கூட்டமாகத் திரிந்தால் அவை தேரையின் வாற்பேய்கள். தொட்டிக்கு மேலே சுவரிலோ இலையிலோ வெண்ணுரை உருண்டை ஒட்டியிருந்து, அதிலிருந்து இறங்கியவை என்றால் மரத்தவக்கையின் பிள்ளைகள். இந்த மாரியில் எங்கள் தொட்டியில் இரண்டும் இருந்தன. தொட்டியைக் கழுவியே ஆகவேண்டிய நிலை. ஒரு வாளித் தண்ணீரோடு அள்ளி வைத்தோம். அவற்றில் பதினொன்று, கால் முளைத்துக் கரையேறின.

மூன்றாம் நாள் மகள் வந்து நின்றாள். "அப்பா, ஒண்டும் தின்னுதில்லை. செத்துப்போகுமோ?"

அது பட்டினி இல்லை. முன்னங்கால் வெளியே வந்ததும் பாசி சுரண்டிய வாய் உதிர்ந்து, நாக்கும் அகன்ற வாயும் உருவாகத் தொடங்கும். நீளமான குடல் குறுகும். அந்த நாட்களில் உடம்பு தன் வாலையே கரைத்துச் சாப்பிடும். வால் முழுதாக மறையும்வரை இரை தேவையில்லை. தேவைப்படுவது ஏறி இருக்க ஒரு சரிவு. முன்னங்கால் வந்தபின் ஆழத் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். வாளியைச் சாய்த்து, ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தாலே போதும்.

வால் மறைந்தபின் இரண்டு வழி. அன்றே விட்டுவிடலாம், அல்லது சில நாள் ஊட்டி விடலாம். தேரைக் குஞ்சென்றால் நான் முதல் வழிக்குத்தான் வாக்களிப்பேன். ஒரு சென்ரிமீற்றர்கூட இராத அதற்கு மண்ணில் ஊரும் சின்னஞ்சிறு எறும்பும் உண்ணியும்தான் இரை. அவற்றை நாங்கள் தேடிக் கொடுப்பதைவிடக் குப்பைமேட்டு ஈர மண் நன்றாகக் கொடுக்கும். மரத்தவக்கைக் குஞ்சு அதைவிடப் பெரிது. பழ ஈயையே பிடிக்கும். அது மெலிந்திருந்தாலோ, மழை விட்டு வெயில் சுட்டாலோ ஒரு பத்து நாள் வைத்திருப்பதில் பொருள் உண்டு. அதற்கு மேல் வேண்டாம். காட்டுயிரைப் பிடித்து வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் 1937 முதலே இருக்கிறது. சட்டம் கிடக்க, பெட்டிக்குள் வளரும் தவக்கைக்கு மாரி என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

சரி, இரை. சோறு, பாண், அவித்த முட்டை எதுவும் சரிவராது. அசையாத எதுவும் அதன் கண்ணுக்கு இரையே இல்லை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட இரை அகலமாக இருக்கக் கூடாது.

எங்கள் வளவுகளில் கறையானுக்குப் பஞ்சமில்லை. உக்கிய பனை மட்டையைப் பிளந்தாலோ, கிடுகு வேலியின் அடியைக் கிளறினாலோ கொட்டும். மென்மையான உடம்பு, மெதுவான நடை. மெலிந்த குஞ்சு கறையானில் வேகமாகத் தேறும். ஆனால் கறையானில் கல்சியம் குறைவு. அதை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் எலும்பு வலுவில்லாமல் கால் வளையும். பெரிய தலையும் கொடுக்குத் தாடையும் உள்ள காவற் கறையானைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், அது குஞ்சைக் கடிக்கும். கறையானுக்கு மருந்தடித்த வீடென்றால் இந்த வழியையே மறந்துவிடுங்கள்.

பழ ஈ கறையானைப் போல உடனே கிடைக்காது, அதற்கு ஒரு கிழமை முன்னேற்பாடு வேண்டும். இறக்கை இல்லாத பழ ஈயை வாங்கச் சொல்லி வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். எங்களுக்கு நீர்வேலிக் கதலி ஒன்று கனிந்து அழுகினால் போதும். போத்தலுக்குள் பழத்தைப் போட்டுத் திறந்து வைத்தால் ஈ தானாக வரும். வாயைத் துணியால் கட்டினால் பத்து நாள் அளவில் அடுத்த தலைமுறை பறக்கும். குஞ்சின் பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டுத் தோலை வைத்துவிடுவதுதான் எனக்குச் சரிவந்தது. ஈ தோலை விட்டுப் போகாது, குஞ்சும் அதன் பக்கத்திலேயே குந்தியிருக்கும்.

அந்தக் காட்சியை ஒரு முறையாவது கிட்ட இருந்து பாருங்கள். ஈ நடக்கும்போது குஞ்சின் தலை மட்டும் மெல்லத் திரும்பும். நாக்கு வந்து போனது தெரியாது, ஈயைக் காணோம். விழுங்கும்போது இரண்டு கண்ணும் தலைக்குள் அமிழும். கண் உருண்டைகள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. என் மகள் அதைப் பார்க்கவென்றே விளக்கை அணைக்கவிடாமல் இருந்தாள்.

பயித்தங்கொடியின் நுனியில் அப்பியிருக்கும் அழுக்கணவனும் நல்ல இரைதான், மருந்தடிக்காத கொடியென்றால். கிளையோடு முறித்து வைத்தால் அதுவே ஊர்ந்து திரியும். ஆனால் மிகச் சிறிது, வயிறு நிறையாது. நுளம்புக் குடம்பியைத் தண்ணீரில் போட்டுக் காத்திருப்பது வீண், கரையேறிய குஞ்சு தண்ணீருக்குள் இரை தேடாது.

ஆக, நான் பழ ஈயை நாளாந்தச் சாப்பாடாகவும், கறையானைக் கிழமையில் இரண்டு நாளும் கொடுத்தேன். கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. உப்புப் போகக் கழுவி, காயவைத்து, அம்மியில் மாவாக அரைத்து, கறையானை அதில் ஒரு முறை புரட்டிவிட்டால் முடிந்தது. மரத்தவக்கை இரவுப் பிராணி, அதனால் இருட்டும் நேரத்தில் இரை வையுங்கள். தேரைக் குஞ்சு பகலிலும் தின்னும்.

இருப்பிடத்தில் பெரிய போட்டி இல்லை. ஐஸ்கிரீம் பெட்டியைவிட அகலமான மண்சட்டி மேல், வெயிலில் சூடேறாது. மரத்தவக்கைக்கு உள்ளே ஒரு கிளை நிற்க வேண்டும். மூடுவதற்கு நுளம்பு வலை போதாது, பழ ஈ நுழைந்து வெளியேறும். பழைய பருத்திச் சேலைத் துண்டுதான் சரி. தண்ணீர் உவர் இல்லாத கிணற்றுத் தண்ணீராக இருக்கட்டும். குளோரின் போட்ட தண்ணீரென்றால் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகு பாவியுங்கள். கையில் சவர்க்காரமோ நுளம்பு எண்ணெயோ இருந்தால் குஞ்சைத் தொடவே கூடாது, அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். தொட்ட பிறகு உங்கள் கையையும் கழுவுங்கள்.

விடும்போது எடுத்த இடத்திலேயே விடுங்கள். வேறு குளத்துக்குக் கொண்டுபோனால் நோயும் கூடப் போகும். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, மழை தூறிய ஒரு பின்னேரம், கடைசி மரத்தவக்கைக் குஞ்சைத் தொட்டிக் கரையில் வைத்தோம். பாசியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கிணற்றுக் கட்டில் பாய்ந்து, வாழை மடலுக்குள் ஏறிக்கொண்டது.