இங்கிலிஷ் வேர்புக்குப் பின்னால என்ன போடுறது? ஒக்ஸ்ஃபோர்ட் லேனர்ஸ் டிக்‌ஷனரி வெப்சைட் பற்றி

கொழும்பில ஒஃபிஸ் வேலை செய்யிற எங்கட ஆக்கள் கனபேருக்கு இங்கிலிஷ் நல்லா விளங்கும், கதைக்கவும் ஏலும், ஆனா ஈமெயில் அடிக்கேக்க வேர்புக்குப் பின்னால டூ வருமா, ஃபோர் வருமா, ஐஎன்ஜி வருமா எண்ட இடத்தில கை நிண்டிடும். இதுக்கு நான் சொல்லுறது ஒக்ஸ்ஃபோர்ட் லேனர்ஸ் டிக்‌ஷனரி வெப்சைட். காசு கட்டத் தேவையில்ல.

மீனிங் பாத்திட்டு மூடினா அரைவாசிப் பிரயோசனம் போச்சு. உதாரணங்களுக்கு முன்னால தடிச்ச எழுத்தில சின்ன லைன் ஒண்டு இருக்கும், அதுதான் சாமான். 'சஜெஸ்ட்' எண்டு அடிச்சுப் பாருங்க, சஜெஸ்ட் டூயிங் சம்திங், சஜெஸ்ட் தட் எண்டு வரும், சஜெஸ்ட் டு டூ எண்டு ஒண்டு இருக்கவே இருக்காது. அப்ப 'ஐ சஜெஸ்ட் டு போஸ்ட்போன் த மீட்டிங்' பிழை, 'ஐ சஜெஸ்ட் போஸ்ட்போனிங்' சரி, அவ்வளவுதான். 'டிஸ்கஸ்' பக்கத்தில டிஸ்கஸ் அபவுட் எண்டு எழுதக்கூடாது எண்டே தனிக் குறிப்புப் போட்டிருக்கினம், 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'க்கும் அப்பிடித்தான், எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ எண்டுதான் வரவேணும். நாங்கள் எங்க சறுக்குவம் எண்டு தெரிஞ்சு எழுதின மாதிரி இருக்கும், அதுக்குக் காரணம் இருக்கு: இந்த டிக்‌ஷனரியத் தொடக்கின ஏ.எஸ். ஹோர்ன்பி ஜப்பானில இங்கிலிஷ் படிப்பிச்ச மனுசன், முதல் பதிப்பு 1942ல டோக்கியோவிலதான் வந்தது, வேர்புகள, பின்னால என்ன வருது எண்டு பாத்து, 25 பாட்டர்னா பிரிச்சவரும் அவர்தான்.

ஓ லெவல் பிள்ளையளுக்கு டியூட்டரியில குடுக்கிற ப்ரிபொசிஷன் லிஸ்ட் இருக்கே, அதப் பாடமாக்கி மண்டையில ஒண்டும் நிக்காது. வசனத்தோட பாத்தாத்தான் நிக்கும், இங்க பாட்டர்னுகளுக்கு முழு வசனத்தில உதாரணம் இருக்கு.

ஒண்டு கவனிக்கவேணும். ஒரே சொல்லு வேர்பா வாறதும் நவுனா வாறதும் வேற வேற. 'வீ ரிக்வெஸ்ட் யுவர் அப்ரூவல்' எண்டா ஃபோர் இல்ல, 'அவர் ரிக்வெஸ்ட் ஃபோர் அப்ரூவல்' எண்டா ஃபோர் கட்டாயம். டிஸ்கஸுக்கு அபவுட் வராது, டிஸ்கஷனுக்கு வரும். ஒஃபிஸ் கடிதங்களில கூடப் பிழைக்கிறது இந்த இடத்திலதான், அதனால ரெண்டு பக்கத்தையும் திறந்து பாருங்க.

தமிழ் விளக்கம் கிடையாது, எல்லாம் இங்கிலிஷிலதான். இப்பதான் இங்கிலிஷ் தொடங்குற ஆளுக்கு இது வேண்டாம், களைச்சுப் போவினம். ஐஈஎல்டிஎஸ் ரைட்டிங்குக்குப் படிக்கிற ஆக்கள், ஒஃபிஸில ரிப்போட் எழுதிற ஆக்கள் எண்டா ஃபோனில திறந்தபடியே வச்சிருங்க.