குழந்தைகள் ஸ்கேன்: வீட்டில் இருந்து பார்ப்பதா, மருத்துவமனையில் இருந்தே பார்ப்பதா?

2020-இல் கொரோனா வந்தபோது பல மருத்துவமனைகள் அவசர அவசரமாக ரேடியாலஜிஸ்ட்டுகளின் (ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தரும் மருத்துவர்களின்) வீட்டுக்கே மானிட்டர்களை அனுப்பிவைத்தன. தொற்று அடங்கிவிட்டது. பலருக்கு மானிட்டர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பெரியவர்களின் ஸ்கேனுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. குழந்தைகள் விஷயம் வேறு.

வீட்டுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ மூன்றும் பேக்ஸ் என்ற, ஸ்கேன் படங்களைச் சேமித்துத் திறக்கும் கணினி அமைப்பு வழியாக எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் திறக்கும். தரம் சரிபார்த்த மெடிக்கல் மானிட்டர், வெளிச்சம் குறைந்த அறை, அறுந்துபோகாத இணையம், இவ்வளவு போதும். அடிபட்ட கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில், எலும்பு நுனியில் மெல்லிய சில்லு ஒன்று பெயர்ந்திருக்கலாம். யாராவது அந்தக் குழந்தையை வேண்டுமென்றே காயப்படுத்தினார்களா என்ற கேள்வியே அதிலிருந்துதான் எழும். ஓயாமல் போன் அடிக்கும் மருத்துவமனை அறையில் அது கண்ணுக்குத் தப்ப வாய்ப்பு அதிகம். இரவு டியூட்டிக்கும் வீடுதான் சரி. குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் குறைவு. ஒருவரே வீட்டில் இருந்து இரண்டு மூன்று மருத்துவமனைகளைக் கவனிக்க முடியும்.

ஆனால் அல்ட்ராசவுண்ட் என்று வந்தால் கதையே மாறிவிடுகிறது. எட்டு மாதக் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுகிறது, காலை மடக்கிக்கொள்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியில் கையில் பிடிக்கும் பகுதியான புரோபை வயிற்றில் வைத்தால் வளையத்துக்குள் வளையமாக, குடலுக்குள் குடல் செருகியிருப்பது தெரியும். அடுத்தது ஃப்ளோரோஸ்கோப்பி அறை, அதாவது எக்ஸ்ரேயை ஓடும் படமாகத் திரையில் பார்க்கும் இடம். ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே, செருகிய பகுதி பின்வாங்குவதைத் திரையில் பார்க்க வேண்டும். குடல் கிழிந்தால் உடனே கையாளச் சர்ஜன் தயாராக இருப்பார். விடுபட்டுவிட்டால் ஆபரேஷனே தேவைப்படாது. இதை வீட்டில் இருந்து செய்ய வழியே இல்லை.

குடல் தன் இடத்தில் இல்லாமல் திரும்பியிருக்கிறதா என்று, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் கான்ட்ராஸ்ட் பரிசோதனையும் அப்படித்தான். மருந்து முதல் தடவை இறங்கும்போதே சிறுகுடல் வளையும் இடத்தைப் பிடித்துவிட வேண்டும். மற்ற குடல் நிறைந்துவிட்டால் அது மறைந்துபோகும்.

பயிற்சி மருத்துவர்களுக்குத் திரையைப் பகிர்ந்தே நிறையச் சொல்லித்தரலாம். புரோபைப் பிடிக்கும் கையைத் திருத்தத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சரி, இரண்டையும் கலந்தால்? வாரத்தில் இத்தனை நாள் வீடு என்று நாள் கணக்கில் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையை வைத்துப் பிரிக்க வேண்டும். பகலில் அல்ட்ராசவுண்டுக்கும் ஃப்ளோரோஸ்கோப்பிக்கும் ஒருவர் கட்டாயம் மருத்துவமனையில் இருக்கட்டும். மற்றவர்கள் வீட்டில் இருந்து படங்களைப் பார்க்கட்டும். அந்த ஒருவர் முறைவைத்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. மருத்துவமனையில் இருப்பவர் ஒரு குடலை விடுவித்துவிட்டு, பெற்றோரிடம் பேசி முடிப்பதற்குள், வீட்டில் இருப்பவர் ஒரு கட்டு எக்ஸ்ரே ரிப்போர்ட்டை முடித்திருப்பார். ரிப்போர்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்து உழைப்பை அளந்தால், கொஞ்ச நாளில் அந்த அறைக்குப் போக யாரும் முன்வரமாட்டார்கள்.