டிராக் காரின் பிரேக்: சில சீசன்கள் கழித்து

வார இறுதியில் டிராக்கில் ஓட்டிவிட்டு அதே காரில் வீடு திரும்புகிறவர்களுக்காக எழுதியது இது. ஒரு டன்னுக்குப் பக்கமான எடையுள்ள ஹேட்ச்பேக், கம்பெனியிலிருந்தே வரும் காலிப்பர் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி), 15 அல்லது 20 நிமிட செஷன்கள். பிட்டில் (டிராக் ஓரம் கார்களை நிறுத்தும் இடம்) பேச்செல்லாம் எஞ்சின் மேப்பையும் எக்ஸாஸ்ட்டையும் சுற்றித்தான் நடக்கும். மதியத்துக்குமேல் காரை ஓரங்கட்ட வைப்பதோ பெரும்பாலும் பிரேக்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ உள்ள கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 740 கிலோஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். அதில் 70 சதவீதம் முன்பக்கம் போனால் ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 260 கிலோஜூல். 5 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் அந்த ஒரே அழுத்தலில் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். அடுத்த வளைவு வருவதற்குள் அவ்வளவும் ஆறாது. மிச்சச் சூடு மேல்மேலே சேரும். சாலையில் குறைசொல்ல முடியாத பிரேக் டிராக்கில் சில லேப்பிலேயே கைவிரிப்பது இதனால்தான்.

'பிரேக் பிடிக்கல' என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. பெடல் எப்படி இருந்தது என்பதே முதல் கேள்வி. பெடல் கல்லாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தும் வேகம் குறையவில்லை என்றால் பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கி அடிவரை போகிறது என்றால் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவி சேர்ந்திருக்கிறது; ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை: டிராக் ஓரத்து மேடான கெர்ப் மீது ஏறி இறங்கிய பின் முதல் மிதியில் பெடல் நீளமாகப் போகும், இரண்டாவது மிதியில் உறுதியாக நிற்கும். அது ஆயில் கோளாறு அல்ல. வீல் பேரிங்கில் ஆட்டம் இருப்பதால் டிஸ்க் ஆடி, பேடையும் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளுகிறது. இதற்கு எத்தனை முறை ப்ளீட் செய்தாலும் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றினாலும்) தீராது. பேரிங்கை மாற்ற வேண்டும்.

பணம் போடுகிற வரிசையில் ஆயில்தான் முதலில். பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4 கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பின் 155. டாட் 5.1-க்கு 260, 180. பந்தய ஆயில்கள் இதைவிட வெகு மேலே நிற்கின்றன: மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 312 டிகிரி, காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் புதிதாக 320, ஈரம் ஏறியபின்னும் 270-ஐ ஒட்டி. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது முதல் எண். நெடுநாள் பயன்பாட்டில் தீர்மானிப்பது இரண்டாவது எண். வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் ஓட்டி, மற்ற நாளெல்லாம் கார் நிற்குமானால் எஸ்ஆர்எஃபின் கூடுதல் விலை நியாயமானதே. ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்பு சலிக்காமல் ப்ளீட் செய்கிறவருக்கு ஆர்பிஎஃப் 600 தாராளமாகப் போதும். சிலிக்கோனாலான டாட் 5 பக்கமே போக வேண்டாம். மற்றவற்றோடு கலக்காது, கூடுதலாக அமுங்கும், ஏபிஎஸ்ஸுக்கும் ஆகாது. மூடி திறந்த டின்னை அடுத்த சீசனுக்கு எடுத்து வைப்பதும் வீண். காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும்.

ப்ளீட் செய்ய ஒரு லிட்டர் டின் வாங்கினால் முழு மாற்றத்துக்கே போதும். காரின் கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் அழுத்தும் ஆயில் சிலிண்டர்) தூரமான சக்கரத்தில் தொடங்கலாம். இருபுறமும் நிப்பிள் (ஆயிலை வெளியேற்றும் திருகு) உள்ள காலிப்பரில் உட்பக்கம் முதலில். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். பழைய காரில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. வழக்கமாகப் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவர் துருவேறியிருக்கும். அங்கே சீல் உரசினால் கிழியும். ப்ளீட் செய்த மறுநாளே பெடல் அமுங்குவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், ஆயில்மீது பழிபோடுவார்கள். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பெயின்ட் உரியும்.

பேட் விஷயத்தில் சமரசம் தவிர்க்க முடியாதது. முழுப் பந்தய பேட் சூடேறாமல் பிடிக்காது. அதை மாட்டிக்கொண்டு குளிர்ந்த காலையில் சாலையில் இறங்குவது ஆபத்து. நடுத்தர டிராக் பேடோ சாலையில் கிறீச்சிடும், அலாய் வீலில் ஒட்டி அரிக்கும் கரும்பொடியைக் கக்கும். இரண்டு செட் வைத்துக்கொண்டு டிராக்கிலேயே மாற்றுவது நல்ல வழி, ஒரே நிபந்தனையோடு: ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் கலவைகளாக இருக்க வேண்டும். டிஸ்க் மீது ஒரு கலவை படிந்த படலத்தின்மேல் இன்னொன்று சரியாக உட்காராது. புது பேடைப் பழக்க, மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாக அழுத்தி இறக்க வேண்டும், ஒருமுறைகூட முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படியே. இதைச் செய்யாமல் நேரே செஷனுக்குள் போனால், பேடிலுள்ள பசை வாயுவாகக் கிளம்பி முதல் சில லேப்பிலேயே பிடி நழுவும். பேடின் தடிமன் பாதியானதும் டிராக் வேலைக்கு அது முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் பிஸ்டனுக்குக் கடத்தும், அங்கிருந்து ஆயிலுக்கு.

'டிஸ்க் வளைந்துவிட்டது' என்ற புகாரில் பெரும்பகுதி வளைவே அல்ல. சூடான டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடித்தபடி கார் நின்றிருக்கும். அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். அதனால்தான் கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி ஆற்றிவிட்டுப் பிட்டுக்கு வருவதும், வந்தபின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும். துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு, அவ்வளவே. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு விரிசல் ஓடும். சாதாரண வென்டிலேட்டட் டிஸ்க் மலிவு, அதையே அடிக்கடி மாற்றுவது உத்தமம். டிஸ்க் முகத்தில் முடிபோன்ற மேலோட்டக் கீறல்கள் இயல்பு. விரல்நகம் மாட்டுகிற விரிசலோ ஓரத்தைத் தொட்ட விரிசலோ தெரிந்தால் அந்த டிஸ்க்கோடு டிராக்கில் இறங்கக் கூடாது. டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் அளந்து பாருங்கள்.

எவ்வளவு சூடாகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்ப பெயின்ட் கிடைக்கிறது: பச்சை 430 டிகிரியிலும் ஆரஞ்சு 560-லும் சிவப்பு 610-லும் நிறம் மாறும். சிவப்பும் வெளுத்திருந்தால் அடுத்த செலவு பேட் அல்ல, காற்று. பம்பரிலிருந்து 75 மி.மீ. குழாய் ஒன்றை இழுத்து டிஸ்க்கின் நடுக்கண்ணை நோக்கி ஊதவிட வேண்டும். வென்டிலேட்டட் டிஸ்க் நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பில் தள்ளும் அமைப்பு கொண்டது. முகத்தில் ஊதினால் ஒருபக்கம் மட்டும் ஆறி விரிசலுக்கு வழிவகுக்கும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, குழாய் டயரில் உரசுகிறதா என்று பார்ப்பதை மறந்தவர்கள் முதல் செஷனிலேயே குழாயை இழப்பார்கள்.

ஆயில் போகும் ரப்பர் குழாய்க்குப் பதிலாக மாட்டும் ஸ்டீல் பின்னல் ஹோஸ் பெடலைச் சற்று உறுதியாக்கும். நிற்கும் தூரத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். பின்னலுக்குள் நடக்கும் சேதம் வெளியே தெரியாது என்பதால் உரசல் தடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஹோஸைக் காலிப்பரில் பிணைக்கும் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடிங் பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். ஒரு பேட் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் முதலில் அந்தப் பின்னைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டனின் தூசி ரப்பர் டிராக் சூட்டில் கருகி உதிரும், வருடாந்தரச் செலவாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வீல் நட்டைக் கையேட்டிலுள்ள டார்க் அளவுக்கு ஆறிய நிலையில் முடுக்கி, ஒவ்வொரு செஷனுக்கு முன்பும் மறுபடி சோதிக்க வேண்டும். பிட்டில் அதிகம் கைமாறும் கருவி டார்க் ரென்ச். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது மரியாதை.

பெரிய காலிப்பர் கிட் பற்றிக் கேட்பவர்களுக்கு: மேலே சொன்ன அனைத்தும் செய்து, பெயின்ட் இன்னும் வெளுத்துக்கொண்டிருந்தால் மட்டும். முன்பக்கப் பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் நீளும், பிரேக் சமநிலை முன்னுக்குச் சாயும், பின் சக்கர பிரேக்குகளின் பங்கு குறையும். நிற்கும் தூரம் அதிகரிக்கவும் செய்யலாம். வாங்குவதற்கு முன் காலிப்பரின் அட்டை மாதிரியை வெட்டி இருக்கிற வீலுக்குள் வைத்துப் பாருங்கள். ஸ்போக்கில் இடித்தால் நான்கு வீலும் அதற்கேற்ற டயரும் சேர்த்துத்தான் விலை.