ஹலசூரு பலாமரமும் ஆறு வாரக் கடிகாரமும்: கொல்லை மரத்தை யாரிடமாவது கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வெட்டின மரத்தின் வட்டத் துண்டுகளில் கடிகாரம், டீப்பாய், சுவர் அலங்காரம் என்று செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் வருகிறார்களே, அப்படி ஒருவரிடம் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ஏமாந்தவள் எழுதுகிறேன். கடைப் பேரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, பேரை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் ஆரம்பிக்க அவர்களுக்கு ஒரு மத்தியானம் போதும். அவர்கள் பேசுகிற பேச்சைத் தெரிந்துகொள்ளுங்கள், அது மாறாது.

எங்கள் வீடு பெங்களூர் ஹலசூரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. கன்னடத்தில் ஹலசு என்றால் பலா. இங்கே பலாத்தோப்பு இருந்ததால்தான் ஊருக்கு அந்தப் பேர் என்பார்கள். தோப்பு எப்போதோ போய்விட்டது, எங்கள் கொல்லையில் மட்டும் ஒரு மரம் நின்றது. 1986-ல் மாமா பண்ருட்டியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பழத்தின் கொட்டையை அம்மா ஊன்றி வந்த மரம். துணிக்கொடி கட்ட அப்பா அதில் ஒரு இரும்புக் கொக்கியை அடித்துவைத்தார். மரம் பருத்துப் பருத்து அந்தக் கொக்கியைப் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. இந்தக் கொக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

போன வருஷ மழையில் அடிமரம் உளுத்து, பக்கத்து வீட்டு மாடிப்பக்கம் சாய ஆரம்பித்தது. சொந்தக் கொல்லை மரமாக இருந்தாலும் கர்நாடகாவில் 1976-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மர அதிகாரியின் அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். வாங்கினோம், வெட்டினோம். அதில் ஒரு குறையும் இல்லை. வெட்டின அன்றைக்கு அம்மா கொல்லைப்பக்கமே வரவில்லை. அதனால்தான் அவளுடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு அந்த மரத்திலிருந்தே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று எனக்கும் தம்பிக்கும் தோன்றியது.

அப்போதுதான் இந்த ஆள். நல்ல தமிழ். வேலூர்ப் பக்கம் என்றான். வாய்க்கு வாய் அக்கா. "அக்கா, இது வெறும் மரம் இல்ல, உங்க குடும்பத்தோட ஆயுசு. வளையத்துல எல்லாரோட பொறந்த வருஷத்தையும் சூடு வெச்சு எழுதித் தர்றேன். நாலு கடிகாரம், ஒரு ரெசின் டீப்பாய், அம்மாவுக்கு ஒரு பெரிய வம்ச வட்டம். ஆறே வாரம்." ரெசின் என்பது ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுகிற பிசின். மொத்தம் 36,000. பச்சை மரமாச்சே, காய வேண்டாமா என்று தம்பி கேட்டான். "கில்ன் இருக்கு சார், பத்து நாள்ல எலும்பு மாதிரி காஞ்சிரும்" என்றான். மரத்தைச் சூட்டில் வைத்து உலர்த்துகிற அறைக்குத்தான் கில்ன் என்று பேர், அது பிறகுதான் தெரிந்தது. கில்ன் என்றதும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். தெரியாத வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை! குட்டி யானை வண்டியில் பன்னிரண்டு துண்டுகளை ஏற்றிக்கொண்டு போனான். நாங்கள் ஒரு துண்டிலும் ஒரு அடையாளமும் போடவில்லை. எங்கள் பெரிய முட்டாள்தனம் அதுதான்.

ஆறு வாரம் பதினேழு வாரம் ஆனது. ரெசின் வரவில்லை, பையனுக்கு டெங்கு, மழையில் பாலிஷ் காயவில்லை. இதையெல்லாம் விரிவாக எழுதினால் எனக்கே மறுபடி இரத்த அழுத்தம் ஏறும். ஒன்றை மட்டும் கவனித்தேன். நான் பில் கேட்ட நாளிலிருந்து அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

சாமான் வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது, மிச்சப் பணத்தில் 10,000 அங்கேயே கொடுத்துவிட்டோம். மூன்றாம் வாரம் ராத்திரி கூடத்தில் டப்பென்று ஒரு சத்தம். பாத்திரம் விழுந்ததோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால் கடிகாரம், ஓரத்திலிருந்து நடு முள் வரைக்கும் வாய் பிளந்து கிடக்கிறது, தர்பூசணியில் ஒரு கீற்றை எடுத்த மாதிரி. அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு. டீப்பாயில் ரெசின் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு, அடியில் தொட்டால் பிசுபிசு. தெரிந்த ஆசாரி ஒருவர் ஈரம் பார்க்கிற மீட்டரைக் கொண்டுவந்து குத்திப் பார்த்தார். 24 சதவீதம். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு 12-க்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், இது தெரிந்திருந்தால் எனக்குப் பணம் மிச்சம். பச்சை மரத்தில் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, மையத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு பங்கு சுருங்கினால் வளையம் சுற்றும் திசையில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு சுருங்கும். பலகையாக அறுத்தால் அது எப்படியோ சமாளித்துக்கொள்ளும், முழு வட்டத்துக்கு ஒதுங்க இடமே இல்லை, அதனால் பிளக்கும். அதாவது வட்டத் துண்டு பிளப்பது அதன் சுபாவம். கொஞ்சமாவது தவிர்க்க வேண்டுமென்றால் வெட்டின அன்றைக்கே இரண்டு முகத்திலும் மெழுகோ பெயின்டோ அடித்து நிழலில் மாதக்கணக்கில் போட வேண்டும். இல்லாவிட்டால் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்கிற மெழுகு மாதிரிப் பொருளைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊறவைக்க வேண்டும். ஸ்வீடனில் 1628-ல் மூழ்கிய வாசா கப்பலை 1961-ல் மேலே எடுத்து, பிளக்காமல் இருக்க இதே பொருளைத்தான் 17 வருஷம் தெளித்தார்களாம். அது கடலில் கிடந்த கப்பல், நம்முடையது கொல்லை மரம், ஒப்பிடக்கூடாதுதான், ஆனால் ஆறே வாரம் என்றவனை நினைத்தால் சிரிப்பு வருகிறது. உண்மையான தொழில்காரர் என்ன செய்வார் தெரியுமா, பிளக்கட்டும் என்று விட்டுவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் அந்தப் பிளவையே டிசைன் ஆக்குவார். ஈரத்தின் மேல் ரெசினை ஊற்றி மூட மாட்டார்.

இதுவரை சொன்னது மோசமான வேலை. இனிமேல்தான் மோசடி.

அம்மாவின் வம்ச வட்டம் மட்டும் பிளக்கவே இல்லை. வளையங்களெல்லாம் வரைந்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மரம் இல்லடி" என்றாள். வயசானவள் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். அந்த ஆசாரியும் அதையே சொன்னார். பலா வெட்டினதும் நல்ல மஞ்சளாக இருக்கும், போகப் போகப் பழுப்பேறும். இதுவோ லேசான இளஞ்சிவப்பு. அதோடு பலாவில் வருஷத்துக்கு ஒன்று என்று எண்ணுகிற மாதிரி தெளிவான வளையமே விழாதாம், தேக்கில் விழும். ஆக "வளையத்துல வருஷம்" என்று அவன் முதல் நாள் சொன்னபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கட்டணம் கட்டித் துண்டைக் கொடுத்தால் என்ன மரம் என்று பார்த்து எழுதித் தருகிறார்கள். தந்தார்கள். மலைவேம்பு! இங்கே ஹெப்பேவு என்பார்கள், பிளைவுட்டுக்காக விவசாயிகள் வளர்க்கிற மரம், ஏழெட்டு வருஷத்திலேயே வெட்டிவிடலாம். வீட்டுக்கு வந்து எண்ணினேன், சரியாக எட்டு வளையம். அந்த எட்டுக்குள் 1986 முதல் என் பேத்தி பிறந்த வருஷம் வரைக்கும் அடைத்து எழுதியிருக்கிறான்.

அப்புறம்தான் கொக்கி ஞாபகம் வந்தது. இரும்பு இருந்த துண்டு அகலமானது, அதைத்தான் அம்மாவுக்கென்று ஒதுக்கச் சொல்லியிருந்தோம். வந்த சாமான் எதிலும் அது இல்லை. போன் செய்தேன். "ஆணிய புடுங்கிட்டோம் மேடம், மெஷின் பிளேடு போயிரும்ல." சரி, பிடுங்கின ஓட்டை எங்கே? இரும்பு பட்ட மரம் கறுத்துப் போயிருக்குமே, அந்தக் கறை எங்கே? போனை வைத்துவிட்டான்.

1915-க்கு அடித்துப் புகார் பதிந்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண் அது, செலவில்லை. அதற்குப் பிறகுதான் 6,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, மர நிறுவனத்தின் அறிக்கை எல்லாம் கையில் இருக்கிறது. நல்ல வேளை, வண்டியில் ஏற்றும்போது தம்பி சும்மா எடுத்த வீடியோவில் கொக்கித் துண்டு தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் சும்மா எடுக்காதீர்கள், வேண்டுமென்றே எடுங்கள், ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் உளியால் உங்கள் எழுத்தைக் கொத்திவிட்டு எடுங்கள். மீட்டரில் ஈரம் எவ்வளவு என்று காட்டச் சொல்லிவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். மீட்டரா, அது எதுக்கு என்று கேட்கிறவனிடம் மரத்தையே கொடுக்காதீர்கள்.

போன மாதம் அண்ணி அவனுடைய பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினாள். பலாமரக் கடிகாரம், நல்ல மஞ்சள் பழுப்பு, நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்புக் கறை, உள்ளே இரும்பு முனை. "இயற்கை அழகு, ஒரே ஒரு பீஸ்" என்று எழுதி 7,500 விலை. அண்ணியே வேறு நம்பரிலிருந்து கேட்டாள். விற்றுவிட்டதாம்.

பெங்களூரில் யாராவது அந்தக் கடிகாரத்தை வாங்கியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 7,500-க்கு மேலேயே தருகிறோம், வந்து எடுத்துக்கொள்கிறோம். கடிகார முள்ளையும் மெஷினையும் கூட நீங்களே வைத்துக்கொள்ளலாம்.