ஏர்மாட்: காற்று அசையாத இரவில் தடுமாறும் மென்பொருள்

புகைபோக்கியிலிருந்து கிளம்பும் மாசு எங்கே, எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டு அனுமதி அறிக்கை எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக ஏர்மாட்தான் கருவி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் மென்பொருள் இது. 2005 இறுதியில் ஐஎஸ்சி3 என்ற பழைய மென்பொருளின் இடத்துக்கு வந்தது. வேறு பல நாடுகளிலும் இதையே ஓட்டுகிறார்கள்.

ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய அதன் மூலநிரல் முழுசாகக் கிடைப்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஏதாவது எண் விபரீதமாக வந்தால் உள்ளே இறங்கிப் பார்த்துவிடலாம். ஜனங்கள் சுவாசிக்கும் காற்றைத் தீர்மானிக்கும் கணக்கு யாருக்கும் தெரியாமல் பூட்டிக் கிடக்கக் கூடாது. வரைபடத்தோடு அழகான முகப்பு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, முதல் ஆறு மாதம் உள்ளீட்டுக் கோப்பைக் கையாலேயே எழுதுங்கள்.

பகல் நேரத்தில் கணக்கு நன்றாகவே இருக்கிறது. பழைய ஐஎஸ்சி3, வளிமண்டலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை A முதல் F வரை ஆறு பெட்டிகளில் அடைத்துவிடும். ஏர்மாட் தரையின் வெப்பம், உராய்வு இரண்டையும் வைத்துத் தொடர்ச்சியாகக் கணக்கிடுகிறது. வெயில் ஏறியதும் மேலெழும் காற்றையும் கீழிறங்கும் காற்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. உயரமான புகைபோக்கியின் புகை சில நேரம் பக்கத்திலேயே தரையைத் தொடுவது ஏன் என்று எனக்குப் புரிந்தது இதனால்தான்.

இரவில்தான் சிக்கல். ஒரு தொழிற்சாலையில் பத்து மீட்டர் உயரத்தில் ஒரு குழாய். வருடத்தின் உச்ச அளவு முழுக்கக் காற்று நின்றுபோன சில இரவு மணிகளிலிருந்தே வந்தது. தோண்டிப் பார்த்தேன். வானிலைத் தரவைத் தயார் செய்து ஏர்மாட்டுக்குத் தரும் முன்செயலி ஏர்மெட். காற்று தரையோடு உரசி எவ்வளவு கலங்குகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு உராய்வு வேகம் என்று பெயர். ஏர்மெட் அந்த மணிக்குக் கொடுத்த உராய்வு வேகம் விநாடிக்கு 0.03 மீட்டர். இரவில் கலப்பு உயரத்துக்கு, அதாவது மாசு மேலே எதுவரை கலக்கும் என்பதற்கு, அது வைத்திருக்கும் சூத்திரம், உராய்வு வேகத்தின் 1.5 அடுக்கை 2300-ஆல் பெருக்குவது. கணக்குப்படி வெறும் 12 மீட்டர்! மூடி போட்ட பாத்திரம் மாதிரி மாசு அதற்குள்ளேயே கிடக்கிறது. உராய்வு வேகம் 0.08 ஆனால் மூடி 52 மீட்டருக்கு ஏறிவிடும். இவ்வளவு சின்ன எண் இவ்வளவு பெரிய முடிவை எடுக்கிறது.

இதற்காகத்தான் உராய்வு வேகத்தைச் சரிசெய்யும் தெரிவு வந்தது. இடாஹோ ஃபால்ஸ், ஓக் ரிட்ஜ் என்ற இரண்டு இடங்களில் 1974-இல் மெல்லிய காற்றில் செய்த சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2017-இல் அந்த முகமையின் விதிக்குள் சேர்த்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் களத்திலேயே காற்றின் கொந்தளிப்பை அளந்து உள்ளீடாகக் கொடுத்திருந்தால் இதையும் சேர்த்துப் போடக் கூடாது. போட்டால் திருத்தம் இரட்டிப்பாகி அளவு குறைவாக வந்துவிடும். ஒருமுறை எனக்குச் சரிபார்க்க வந்த அறிக்கையில் இரண்டும் இருந்தன. திருப்பி அனுப்பினேன்.

என் பெரிய வருத்தமே இந்த இடத்தில்தான். தெரிவுகள் கூடக் கூட, குறைந்த எண் தருவதைத் தேடிப் பிடிக்கும் பழக்கமும் கூடுகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடைக் கணக்கிட மூன்று படிநிலை. மூன்றாவதில் பின்னணி ஓசோன் அளவும், புகைபோக்கி வாயிலேயே எவ்வளவு டை ஆக்சைடாக இருக்கிறது என்ற விகிதமும் வேண்டும். அந்த விகிதத்தை அளந்து கொண்டுவருபவர்களைவிட, எங்கிருந்தோ எடுத்துப் போடுபவர்களையே அதிகம் பார்க்கிறேன். எந்தச் சூழலில் எதைப் போட வேண்டும் என்பதை விதியே கட்டிவைக்க வேண்டும், ஓட்டுகிறவர் கையில் விடக் கூடாது.

இன்னொன்று, ஏர்மாட்டின் கணக்கை எந்த அளவீட்டோடு ஒப்பிடுகிறோம் என்பது. 1956-இல் நெப்ராஸ்கா புல்வெளியில் கந்தக டை ஆக்சைடை விட்டு, 50 முதல் 800 மீட்டர் வரை ஐந்து வளைவுகளில் அளந்த பிரெய்ரி கிராஸ் சோதனை இன்றும் முக்கிய ஆதாரம். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது சமதளப் புல்வெளி. கட்டடம் நெருங்கிய பகுதியில், காற்றில்லாத இரவில் அதே மாதிரிப் பொறுமையாக அளந்த தரவு வேண்டும். புதுத் தெரிவுகளுக்கு முன்னால் பணம் அங்கே போகட்டும்.

ஏர்மாட்டின் பதிப்பு எண் 24142 என்றால் 2024-இன் 142-ஆவது நாள். அதில் அந்தப் பத்து மீட்டர் குழாயை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதே இரவு மணிகளோடு.