ஐசிஎஃப் சுவர்ல ஜன்னல் சில்: மரமா, பிவிசியா, ஃபோமா?

கனடாவுல ஒன்டாரியோ பக்கம் ஐசிஎஃப் (தெர்மோகோல் அச்சுக்குள்ள கான்கிரீட் ஊத்தற சுவர்) வீடு கட்டப் போறவங்க சுவரோட ஆர் வேல்யூவ, அதாவது சூட்ட எவ்ளோ தடுக்குதுங்கற அளவ, நல்லா விசாரிச்சு வச்சிருப்பாங்க, ஜன்னலுக்கு அடில என்ன வைக்கப் போறீங்கன்னு கேட்டா அது கான்ட்ராக்டர் பாத்துப்பாருன்னுதான் பதில் வரும். எங்க அக்கா வீட்லயும் அப்டித்தான் விட்டாங்க. ஜனவரி வந்தா தினம் காலைல உள்பக்கம் சில் மேல துண்டு போட்டு தொடைக்கணும், பெயின்ட் உரிஞ்சு கீழ ஜிப்சம் போர்டு ஊறிப் போச்சு. ஒரு ஜன்னலைக் கழட்டிப் பாத்தா வெறும் கான்கிரீட் மேல ரெண்டு மரப்பலகை, வேற ஒண்ணும் இல்ல. பாக்கவே வயிறு எரிஞ்சுது.

ஐசிஎஃப்ங்கறது ரெண்டு பக்கமும் சுமார் இரண்டரை இன்ச் தெர்மோகோல், நடுவுல பெரும்பாலும் 6 இன்ச் கான்கிரீட். ஊத்தினப்புறம் அச்சைக் கழட்றது கிடையாது, அதுவே இன்சுலேஷன். ஆனா ஜன்னல் வர்ற இடத்துல அந்த நடு கான்கிரீட் மூடாம நிக்குது, அது தெர்மோகோலை விட கிட்டத்தட்ட 50 மடங்கு அதிகமா சூட்டைக் கடத்தும். வீட்டுக்குள்ள 21 டிகிரி, ஹியூமிடிட்டி 40 சதவீதம்னா 7 டிகிரிக்குக் கீழ போற எந்த இடத்துலயும் தண்ணி கோத்துக்கும், வெளிய மைனஸ் 20 இருக்கறப்ப மூடாத கான்கிரீட்டுக்கு அது ரொம்ப சுலபம்.

ஊத்தற கான்கிரீட் ஜன்னல் ஓட்டைக்குள்ள வழியாம இருக்க சுத்தி ஒரு சட்டம் வைப்பாங்க, அத எதுல பண்றதுங்கறதுதான் கேள்வி. முதல்ல மரம். டிரீட்டட் பலகை (உளுத்துப் போகாம மருந்து ஏத்தினது) மலிவு, எந்த கார்பென்டருக்கும் பழக்கம், ஸ்க்ரூ நல்லா பிடிக்கும். ஆனா ஜன்னலுக்குக் கீழ இருக்கற சுவருக்கு கான்கிரீட் ஊத்தி, அத ஆட்டி கெட்டிப்படுத்தற வைப்ரேட்டர் விட வழி வேணும்னு அடில ரெண்டு பலகைய ஓரமா வச்சு நடுவுல இடைவெளி விடுவாங்க, அந்த இடைவெளில கான்கிரீட் அப்டியே தெரியும், அதுதான் அக்கா வீட்ல நடந்தது. முழுசா மூடினாக்கூட ஒன்றரை இன்ச் பலகைக்கு ஆர் 2 கூட வராது. ஈரத்தோட வர்ற மரம் காயும்போது சுருங்கும், அதுல இருக்கற காப்பர் மருந்து அலுமினியத்த அரிக்கும், அதனால மேல அலுமினியம் ஃப்ளாஷிங்க (தண்ணிய வெளிய தள்ளற தகடு) நேரா வைக்கக் கூடாது.

பிவிசி உளுத்துப் போகாது, அரிக்காது, சைடுக்கும் மேலயும் எனக்குப் பிடிச்சது அதுதான். அடிலயும் ஊத்தறதுக்கு வழி விடணும்ங்கறதால அதே பிரச்சனை திரும்ப வருது, மூலை ஜாயின்ட்ட ஒழுங்கா சீல் பண்ணலேன்னா தண்ணி எங்க போகுதுன்னே தெரியாது.

என் ஓட்டு ஃபோமுக்கு. சில்லுக்கு ஸ்க்ரூ பிடிப்பே தேவையில்ல, யோசிச்சுப் பாருங்க, ஜன்னல சைடுலயும் மேலயும்தான் முறுக்கறோம், அடில வெயிட்ட தாங்கினா போதும், சொல்லப்போனா அடில ஸ்க்ரூ போட்டா அதுவே ஓட்டை. அதனால கான்கிரீட்ட ரெண்டு இன்ச் தாழ்த்தி நிறுத்தி, மேல எக்ஸ்பிஎஸ் போர்ட (கெட்டியான ஃபோம் பலகை) உள்பக்கம் 2 இன்ச், வெளிப்பக்கம் 1 இன்ச்னு சரிவா வெட்டி ஒட்டிட்டா குளிரும் நிக்குது, வாட்டமும் கிடைக்குது. மெல்லிசான இடத்துல கூட ஆர் 5 இருக்கும். ஃபோம் நசுங்காதான்னு எல்லாரும் கேப்பாங்க. 60 கிலோ ஜன்னல் 4க்கு 2 இன்ச் ஷிம் (அடில குடுக்கற முட்டுத் துண்டு) ரெண்டு மேல உக்காந்தா சதுர இன்ச்சுக்கு 8 பவுண்டு சொச்சம்தான், சதுர இன்ச்சுக்கு 25 பவுண்டு தாங்கற எக்ஸ்பிஎஸ் வாங்கினா பயமே வேணாம். ஷிம்ம சின்னதா வச்சா மட்டும் கணக்கு மாறிடும்.

அடுத்து வாட்டர்ப்ரூஃப், இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. ஜன்னல் ஒரு நாள் ஒழுகும்னு வச்சுக்கிட்டுதான் அடில தொட்டி மாதிரி கட்டணும். ஒட்டற மெம்பரேன் (தண்ணி விடாத ஷீட்) போட்டா தடிமன் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கும், ஆனா மூலைல மடிக்கறப்ப ஊசி ஓட்டை விழும், குளிர்ல சரியா ஒட்டாது, சால்வென்ட் பிரைமர் அடிச்சா ஃபோம் கரைஞ்சே போயிடும். பிரஷ்ல பூசற லிக்விட் ஃப்ளாஷிங்குக்கு மூலைத் தொல்லை இல்ல, ஃபோமுக்கு ஒத்துக்கற சரக்கான்னு மட்டும் டப்பால படிச்சுப் பாத்துக்கணும். நான் லிக்விட் பக்கம். சைடுல 6 இன்ச் ஏத்தி, ஜன்னல் ஃப்ரேமுக்கு உள்பக்கமா முக்கால் இன்ச் வரப்பு வச்சுடுங்க. ஜன்னலோட கீழ் ஃப்ளாஞ்ச (ஃப்ரேமச் சுத்தி நீட்டிட்டு இருக்கற பட்டை) வெளிப்பக்கம் காக், அதாவது சீலன்ட், அடிச்சு அடைச்சுடாதீங்க, வந்த தண்ணி வெளிய போக வேற வழியே இல்ல. அடிப்பக்கத்துக்கு சீல் உள்பக்கம்தான்.

வெளி சில்லுக்கு அலுமினியமோ ப்ரீகாஸ்ட்டோ (முன்கூட்டியே வார்த்த கான்கிரீட்), சுவருக்கு எது பொருந்துதோ அது. ரெண்டு மீட்டர் அலுமினியம் 60 டிகிரி ஏறி இறங்கினா 3 மில்லி கிட்ட நீளும், ரெண்டு ஓரத்துலயும் இடம் விடணும். ப்ரீகாஸ்ட்னா அடில ஃப்ளாஷிங் கட்டாயம். எதுவானாலும் சொட்டு விழற விளிம்பு சுவர்லேந்து 25 மில்லி தள்ளி இருக்கட்டும்.

ஜன்னல் வைக்கறதுக்கு முன்னாடி அந்தத் தொட்டில ஒரு லிட்டர் தண்ணி ஊத்திட்டு எங்கயாவது உள்ள கசியுதான்னு கால் மணி நேரம் நின்னு பாருங்க, கான்ட்ராக்டர் முகம் சுளிச்சாலும் பரவால்ல. அக்கா வீட்ல ரெண்டு ஜன்னல இப்டி மாத்தினோம், போன ஜனவரில அந்த ரெண்டுக்கும் துண்டு போடல. மிச்சம் நாலு இருக்கு, மே மாசம் ஆரம்பிக்கறோம்.